இனரி: நெல்லின் பெயருக்குள் நுழைந்த நரி

கியோத்தோ நிலையத்தில் நாரா செல்லும் உள்ளூர் ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் இனரி. ஐந்து நிமிடம்தான். பெட்டிக்குள் ஒலிபெருக்கி அந்தப் பெயரைச் சொல்கிறது: இ-ன-ரி. மூன்றும் குறில்; எதையும் நீட்டுவதில்லை. தமிழ்க் காது முதல் எழுத்தை விட்டுவிட்டுப் பின்னிரண்டைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கும் அப்படித்தான் கேட்டது: நரி.

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே செந்நிறத்தில் பெரிய தோரீ வாசல். அதைக் கடந்து கற்பாதையில் நடந்தால் இரண்டடுக்குக் கோபுரவாயில். அதன் இரு பக்கமும் காவல் இருப்பவை இரண்டு வெண்கல நரிகள். ஒன்றின் வாயில் சாவி, மற்றொன்றின் வாயில் மணி. உள்ளே போகப்போகக் கல்நரிகள், பீங்கான் நரிகள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய நரிகள். நரிக்கோயிலின் பெயரிலேயே நம் ஊர் நரி இருக்கிறதே என்று ஒரு கணம் மெய்சிலிர்த்தது.

சொல்லை ஆராய்பவர் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தச் சிலிர்ப்பைத்தான். ஒலி ஒத்துப்போவதாலேயே இரண்டு சொற்கள் உறவாகிவிடா. தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு காட்டப் பெருமுயற்சி எடுத்த பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) உழவுச் சொற்களை இணையிணையாக அடுக்கினார். பொங்கலையும் ஜப்பானில் ஜனவரி 15ஐ ஒட்டி வரும் சிறு புத்தாண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்த உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. அவருடைய பட்டியலே அந்தக் கதி அடைந்தபோது, ரயிலில் காதில் விழுந்த ஒரு நரியை நம்பி எவ்வளவு தூரம் போக முடியும்?

ஆனாலும் அந்தப் பெயரில் ஒரு ‘நரி’ இருக்கத்தான் செய்கிறது. அது விலங்கு அல்ல, வினை. ஜப்பானியத்தில் ‘நரு’ என்றால் ஆதல். காய்த்தல், விளைதலுக்கும் அதே வினைதான். மரம் காய்த்தது என்பதற்கும், ஒன்று இன்னொன்றாக ஆனது என்பதற்கும் அவர்கள் ‘நரு’வையே சொல்கிறார்கள். அந்த வினையின் எச்ச வடிவம் ‘நரி’. ‘இனெ’ என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். இனெ நரி, நெல் விளைந்தது; அதுவே குறுகி இனரி ஆயிற்று. பழைய நூல் சொல்லும் விளக்கம் இது.

இந்த ‘இனெ’யைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குக் கூடுதல் உழைப்பு வேண்டாம். ஆங்கிலம் பேசுபவருக்கு வயலில் நிற்பதும் மூட்டையில் இருப்பதும் தட்டில் விழுவதும் ஒரே சொல். நமக்கு நாற்று வேறு, நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஜப்பானியருக்கும் அப்படியே. நிற்கும் பயிர் இனெ, உமியோடு இருப்பது மொமி, குத்தி எடுத்தது கொமெ, வெந்தது மெஷி. மரியாதையாகச் சொன்னால் கோஹான். ‘சோறு தின்றாயா’ என்று நாம் கேட்பதில் குழம்பும் கறியும் அடங்குவதுபோல, அவர்களுடைய கோஹானும் சோற்றைத் தாண்டி முழுச் சாப்பாட்டையும் குறிக்கும். அரிசியை நம்பி வாழ்ந்த மக்கள் அதன் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர் வைக்காமல் இருந்ததில்லை.

நம் மொழியில் நெல், நெற்கதிர் என்று உருமாறுவதைப்போல அங்கே இனெ, கூட்டுச்சொல்லில் ‘இன’ ஆகும். கதிர் இனஹோ, வைக்கோல் இனவர. இந்தக் குடும்பத்தில் என்னை மிகவும் நிறுத்திவைத்த சொல் ‘இனஸுமா’. பொருள், மின்னல். பிரித்தால் நெல்லின் துணை. ‘த்ஸுமா’ இன்று மனைவியைக் குறித்தாலும், பழங்காலத்தில் கணவன், மனைவி இருவருக்கும் பொதுவாக நின்ற சொல். கதிர் பால்பிடிக்கும் பருவத்தில் வானம் மின்னும்; மின்னலோடு கூடித்தான் நெல் கருக்கொள்கிறது என்று உழவர் நம்பினார்கள். மின்னலை நெல்லின் கணவனாகப் பார்த்த அந்தக் கண்ணுக்கு ஒரு மலை நெற்கடவுளாகத் தெரிந்ததில் வியப்பென்ன?

இனி அந்தப் பழைய நூலுக்கு வருவோம். 713இல் பேரரசி கென்மெய் மாநிலங்களுக்கு ஓர் ஆணை அனுப்பினார். உங்கள் நாட்டில் என்ன விளைகிறது, மண் எப்படி, மலைக்கும் ஆற்றுக்கும் வெளிக்கும் அந்தப் பெயர் ஏன் வந்தது, முதியவர்கள் என்ன கதை சொல்கிறார்கள், எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள் என்றது அந்த ஆணை. பெயர்க்காரணம் கேட்டு அரசே ஓலை அனுப்பிய நாடு அது! அப்படி எழுதப்பட்டவை ‘ஃபுதொக்கி’ எனப்பட்டன. கியோத்தோ இருக்கும் பகுதிக்கு அன்றைய பெயர் யமஷிரோ. யமஷிரோவின் ஃபுதொக்கி முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்கால நூல்களில் எடுத்தாளப்பட்ட துண்டுகளே எஞ்சின. அந்தத் துண்டுகளில் ஒன்றில்தான் இனரியின் கதை இருக்கிறது.

ஹத குலத்தில் இரோகு என்று ஒருவர். ஹதர் கொரியத் தீபகற்பம் வழியாகக் குடியேறியவர்கள். பட்டு நெசவிலும் நீர்ப்பாசனத்திலும் கைதேர்ந்தவர்கள். இரோகுவின் வீட்டில் நெல் குவிந்து கிடந்தது. செல்வம் தந்த மிதப்பில் அவர் ஒருநாள் மொச்சியைக் குறிப்பலகையாக நிறுத்தி அம்பெய்து விளையாடினார். மொச்சி என்பது பசை அரிசியை ஆவியில் வேகவைத்து உரலில் இடித்துத் திரட்டிய உருண்டை. நம்மில் சோற்றுப் பருக்கையை மிதித்தாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அம்பு எய்வதென்றால்? அம்பு பட்ட மொச்சி வெள்ளைப் பறவையாகிப் பறந்தது. மலை உச்சியில் போய் இறங்கியது. இறங்கிய இடத்தில் நெல் விளைந்தது. இனெ நரி. அதுவே கோயிலுக்குப் பெயராயிற்று.

கதை அங்கே முடியவில்லை. அவருடைய வழித்தோன்றல்கள் முன்னோரின் பிழையை எண்ணி வருந்திக் கோயில் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் நட்டு வழிபட்டார்களாம். மரம் தழைத்தால் வாழ்வு, பட்டுப்போனால் இல்லை. பெயர்க்காரணம் சொல்லவந்த துண்டு, மனம் திருந்தியவர்களின் கதையாக முடிகிறது. இந்தப் பகுதியை விட்டுவிட்டு வெள்ளைப் பறவையை மட்டும் சொல்பவர்களே அதிகம். எனக்கோ இதுதான் கதையின் உயிர். உணவை அவமதித்தவனின் பிள்ளைகள் வருந்தி வழிபட்ட கோயில் இது.

கோயில் மரபு, கடவுள் மலையில் எழுந்தருளிய நாளை 711ஆம் ஆண்டு, இரண்டாம் மாதம், முதல் குதிரை நாள் என்று குறித்து வைத்திருக்கிறது. நாட்களைப் பன்னிரண்டு விலங்குகளின் பெயரால் எண்ணும் கணக்கு அது. ‘ஹத்சு’ என்றால் முதல், ‘உமா’ என்றால் குதிரை. பிப்ரவரியில் வரும் ஹத்சு உமா இன்றும் இனரியின் பெருவிழா. அன்று கோயிலில் வாங்கிப் போவது ‘ஷிருஷி நோ சுகி’, அதாவது அடையாளச் சுகி. சுகி என்பது மலையெங்கும் நெட்டையாக நிற்கும் ஊசியிலை மரம். அதன் சிறு கிளையை வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். இரோகுவின் பேரப்பிள்ளைகள் பிடுங்கிப்போன மரத்தை இன்றைக்கு வருபவர் காகிதத்தில் கட்டிய ஒரு கொத்தாகக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறுகிறார்.

இதே விழா நாளில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பு ஒருத்தி இந்த மலையில் மூச்சு வாங்கியிருக்கிறாள். ‘மக்குரா நோ சோஷி’ எழுதிய அரண்மனைப் பெண் செய் ஷோனகொன். விடியற்காலையில் புறப்பட்டு, பாதி ஏறுவதற்குள் வெயில் ஏறி, கண்ணீர் வரும் அளவுக்குக் களைத்து உட்கார்ந்துவிடுகிறாள். அப்போது நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தி, யாத்திரை உடைகூட உடுத்தாமல் சேலையைத் தூக்கிச் செருகியதுபோல ஆடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வருகிறாள். ஏழு சுற்று வேண்டுதலாம், மூன்று முடிந்ததாம், மீதி நான்கு ஒரு பொருட்டே இல்லையாம். வேறு இடத்தில் பார்த்தால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன், அந்த நேரத்தில் அவளாக இருக்க முடியாதா என்று ஏங்கினேன் என்னும் பொருள்பட ஷோனகொன் எழுதுகிறாள். பொறாமைப்பட வைப்பவை என்று அவள் போட்ட பட்டியலில் இருக்கிறது இந்த நிகழ்ச்சி. இனரி மலையின் உயரம் 233 மீட்டர். கோயில் பாதையில் ஏறிச் சுற்றி இறங்கச் சுமார் நான்கு கிலோமீட்டர், இரண்டு மணிநேரம். நான் ஒரு சுற்றுதான் போனேன்; அந்த ஏழு சுற்றுக்காரியை நினைத்துக்கொண்டே ஏறினேன்.

பெயரின் எழுத்து வடிவத்துக்கும் தனிக்கதை உண்டு. தொடக்கத்தில் இ, ன, ரி என்னும் ஒலிகளுக்குப் பொருள் பாராமல் மூன்று சீன எழுத்துகளை வைத்து எழுதினார்கள். பிறகு இரண்டே எழுத்தாயிற்று: முதலாவது ‘நெல்’, இரண்டாவது ‘சுமை’. நெற்சுமை என்று எழுதி இனரி என்று படிக்கிறார்கள். சுமைக்குரிய எழுத்தை ஜப்பானியத்தில் ‘நி’ என்று படிப்பதே வழக்கம். இந்த ஒரு பெயரில் மட்டும் அது ‘ரி’ ஆகிறது. எழுத்து பொருளைச் சொல்கிறது, வாய் பழைய ஒலியைச் சொல்கிறது. இந்த இரண்டெழுத்து வடிவம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய இடம் 827ஆம் ஆண்டின் அரச ஆணை. தோஜி பௌத்தக் கோயிலின் கோபுரத்துக்காக இனரி மலை மரங்களை வெட்டினார்கள். பேரரசர் ஜுன்னா நோய்வாய்ப்பட்டார். மலைக்கடவுளின் சினம் என்று குறி சொன்னார்கள். கடவுளைத் தணிக்க அரசவை அவருக்குப் பதவி வழங்கியது. அரசு அதிகாரிகளுக்கு இருந்த அதே படிவரிசையில் ஐந்தாம் நிலை. படிப்படியாக ஏறி 942இல் முதல் நிலையின் உச்சிக்கு வந்தார். இன்று நாட்டின் எந்த மூலையில் இனரி கோயிலைப் பார்த்தாலும் சிவப்புக் கொடியில் அந்த ‘முதல் நிலை’ எழுதியிருக்கும்.

நெற்சுமை என்ற எழுத்து வந்தபின் சுமப்பவர் ஒருவர் வேண்டுமல்லவா? வந்தார். 823இல் தோஜி கோயில் ஷிங்கோன் பிரிவைத் தொடங்கிய துறவி கூக்காயின் பொறுப்புக்கு வந்தது. நெற்கதிர்க் கட்டைச் சுமந்து, சுகித் தழையைக் கையில் பிடித்து, ஒரு கிழவர் தோஜி வாயிலில் வந்து நின்றார். அவரே இனரி என்றது பிற்காலக் கதை. பழைய ஃபுதொக்கியில் சுமையும் இல்லை, கிழவரும் இல்லை, பறவைதான் இருந்தது. எழுத்துக்கூட்டல் ஒரு கடவுளுக்கு உருவம் கொடுத்துவிட்டது என்றே நான் இதைப் படிக்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் அறுபடவில்லை. இனரி விழாவில் ஐந்து பல்லக்குகள் மலைக்குத் திரும்பும் மே 3 அன்று தோஜியின் கிழக்கு வாயிலில் நிற்கின்றன. பௌத்தத் துறவிகள் வெளியே வந்து படையலிட்டு மந்திரம் ஓதுகிறார்கள்.

இதுவரை சொன்னதில் நரி எங்கே? இல்லை. பெயரில் நெல், கதையில் பறவை, மரத்தில் சுகி. நரி பின்வாசல் வழியாக வந்தது. ஒரு வாசல் அல்ல, இரண்டு மூன்று வாசல்.

இங்கே வீற்றிருக்கும் தலைமைக் கடவுளுக்கு உகா நோ மிதாமா என்று பெயர். ‘உகா’ உணவையும் தானியத்தையும் குறிக்கும் பழஞ்சொல். இப்படிப்பட்ட உணவுக் கடவுளரைப் பொதுவாக ‘மிகெத்சு நோ கமி’ என்பார்கள். ‘மி’ மரியாதை முன்னொட்டு, ‘கெ’ உணவு, ‘த்சு’ நம் ‘உடைய’ போன்ற பழைய உருபு, ‘கமி’ கடவுள். நரிக்குப் பழைய பெயர் ‘கித்சு’; அது ‘கெத்சு’ என்றும் ஒலித்தது. ‘மி’ என்றால் மூன்று என்றும் பொருள். ஆகவே மிகெத்சு என்பதை யாரோ ‘மூன்று நரி’ என்ற எழுத்துகளால் எழுதினார்கள். உணவுக் கடவுள் மூன்று நரிக் கடவுளானார். ரயிலில் என் காது செய்த அதே வேலையை ஜப்பானியக் காதும் என்றோ செய்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

இன்று நரிக்கு வழங்கும் சொல் ‘கித்சுனெ’. அதற்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவி கியோகாய் தொகுத்த ‘நிஹோன் ரியோயிகி’யில், மினோ நாட்டுக்காரன் ஒருவன் அழகியை மணக்கிறான், பிள்ளையும் பிறக்கிறது. வீட்டு நாய் குரைத்துத் துரத்தியதில் அவள் அஞ்சி நரி வடிவம் கொள்கிறாள். நமக்குள் ஒரு பிள்ளை இருக்கிறதே, நீ எப்போதும் வந்து உறங்கிப் போ என்கிறான் கணவன். ‘கி’ வந்து, ‘நெ’ உறங்கு, கித்சுனெ. மொழியியல் இதை ஏற்காது. ஆனால் பிரிந்துபோனவளை அழைத்த சொல்லே அவள் இனத்துக்குப் பெயரானது என்று நினைத்த மனத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன்.

மூன்றாவது வாசல் நம் பக்கத்தில் திறக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில் மாலதி என்னும் பார்ப்பனப் பெண் வருகிறாள். மாற்றாள் குழந்தைக்குப் பால் புகட்டும்போது விக்கி அது இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சிப் பிணத்தை ஏந்திக்கொண்டு புகாரின் கோட்டங்கள்தோறும் அலைகிறாள். அங்கே இளம்பெண் வடிவில் வந்து பிணத்தை வாங்கி விழுங்கிவிடுவது இடாகினிப் பேய். வடமொழியில் டாகினி. தமிழில் டகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே முன்னால் ஓர் இகரத்தைச் சேர்த்து இடாகினி ஆக்கினார்கள். சுடுகாட்டில் திரிந்து பிணம் தின்பவள், பூம்புகாரில் அப்படித்தான் அறியப்பட்டாள்.

அவளே தாந்திரிக பௌத்தத்தோடு கிழக்கே போனாள். எட்டாம் நூற்றாண்டில் மகாவைரோசன சூத்திரத்துக்கு எழுதப்பட்ட சீன உரையில், மகாகாளன் வடிவெடுத்த புத்தர் டாகினிகளை அடக்குகிறார். உயிரோடிருப்பவரைத் தின்னக்கூடாது, இறந்தவரின் இதயத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதிக்கிறார். ஒருவர் சாவை ஆறு மாதம் முன்பே அறியும் ஆற்றலையும் தருகிறார். கூக்காய் 806இல் சீனத்திலிருந்து கொண்டுவந்த மண்டல மரபில், ஓரத்துக் கட்டத்தில் பிணத்தைத் தின்றபடி இவள் இருக்கிறாள். ஜப்பானியர் பெயருக்குப் பின்னால், தேவரைக் குறிக்கும் ‘தென்’னைச் சேர்த்துத் ‘தகினி தென்’ என்றார்கள். நம் சரஸ்வதி அங்கே பென்சாய் தென், மகாகாளன் தாய்கொக்கு தென். அதே வரிசையில் இவளும் சேர்ந்தாள்.

சுடுகாட்டுக்காரிக்குத் துணை குள்ளநரி. அதற்கு வடமொழியில் சிருகாலம் என்று பெயர். அந்தச் சொல் மேற்கே பாரசீகத்தில் ஷகால் ஆகி, ஆங்கிலத்தில் ஜாக்கல் ஆயிற்று. கிழக்கே சீனர் அதை ஒலிபெயர்த்து எழுதிய இரண்டு எழுத்துகளை ஜப்பானியர் ‘யகான்’ என்று படித்தார்கள். ஜப்பானில் குள்ளநரி கிடையாது. நூலில் யகான் என்று இருக்கிறது. காட்டில் அப்படியொரு விலங்கு இல்லை. அதற்குக் கிட்டத்தில் வருவது கித்சுனெ. ஆகவே யகான் என்றால் நரி என்று ஆயிற்று. இடைக்காலத்தில் வரைந்த படங்களில் தகினி தென் வெள்ளை நரிமேல் அமர்ந்து வருகிறாள். நரி ஏறிய தேவியும் நரியைத் தூதாகக் கொண்ட நெற்கடவுளும் ஒன்றாகக் கலந்தார்கள். இந்தக் கோயில் இருக்கும் ஃபுஷிமியிலேயே ஐசென்ஜி என்ற பௌத்தக் கோயில் இனரியோடு சேர்ந்து இயங்கியது. ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்கும் ஆணை 1868இல் வந்தபோது அது அழிந்தது. ஐச்சி மாநிலத்தில் தோயொகவா இனரி என்று பெயர்பெற்ற தலம் இன்றும் ஜென் பௌத்தக் கோயில்தான். அங்கே வழிபடப்படுவது தகினி.

பாருங்கள், ஒலியை நம்பாதே என்று தொடங்கிய இடத்திலிருந்து எங்கே வந்துவிட்டோம்! பெயரில் கேட்ட நரி பொய். ஆனால் வாசலில் நிற்கும் நரியின் உடம்பில் பாரதத்துக் குள்ளநரியின் ஒரு பங்கு மெய். தமிழில் நாம் பொதுவாக நரி என்று சொல்வதில் குள்ளநரியும் அடங்கிவிடுகிறது. ஆகவே யகான் என்ற சொல் குழப்பிய இடத்தில் தமிழ்ச்சொல்லுக்குக் குழப்பமே இல்லை. பூம்புகார்ச் சுடுகாட்டில் பேயாக நின்றவள் கடல் கடந்து அறுவடையும் செல்வமும் தருபவளானாள். நரி முகத்தில் விழித்தால் நல்லது என்று சொல்லி வளர்ந்தவர்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

கோயிலார் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: நரி கடவுள் அல்ல, தூது, அதுவும் நாம் காணும் காட்டுநரி அல்ல, கண்ணுக்குப் புலப்படாத வெண்ணரி. அதன் வாயில் இருப்பதைக் கவனித்துப் பார்க்கச் சொல்வேன். சாவி, நெற்களஞ்சியத்தின் சாவி. சில நரிகள் கதிர்க்கட்டைக் கவ்வியிருக்கும், சில சுருளை.

நெல் ஏன் செல்வத்துக்குக் கடவுளானது என்பதற்குக் கோபுரவாயிலே சான்று. ஒனின் உள்நாட்டுப் போரில் 1468இல் கோயில் எரிந்து, 1499இல் மூலக்கோயில் மீண்டும் எழுந்தது. 1588இல் அந்நாளைய ஆட்சித்தலைவர் தோயோதோமி ஹிதேயோஷி, தாய் நோயில் கிடந்தபோது, அவர் பிழைத்தால் பத்தாயிரம் கொக்கு தருகிறேன் என்று வேண்டிக்கொண்டார். மறு ஆண்டு இந்த வாயில் எழுந்தது. கொக்கு என்பது அரிசி அளக்கும் அளவு. ஏறக்குறைய 180 லிட்டர், ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி என்பார்கள். வரியும் சம்பளமும் நாட்டின் மதிப்பும் கொக்கிலேயே எண்ணப்பட்டன. அரிசி பணமாக இருந்த காலத்தில் நெல்லைக் காப்பவரே பணத்தைக் காப்பவர். பின்பு காசு வந்தது, கடவுள் மாறவில்லை. வணிகர் அவரைத் தம் தெருவுக்கு அழைத்துப்போனார்கள். இன்று நாடு முழுக்க இனரி கோயில்கள் 30,000க்கு மேல். கடைக்கட்டடங்களின் மொட்டைமாடியிலும் ஒரு சிறு செந்நிற மாடம் இருக்கும்.

அந்தச் செந்நிறம்தான் மலையை மூடியிருக்கிறது. மலை முழுவதும் சுமார் 10,000 தோரீகள். மூலக்கோயிலுக்குப் பின்னால் ‘செம்பொன் தோரீ’, ஆயிரம் தோரீ என்று பொருள், நெருக்கமாக நின்று குகை போலாகிவிடுகின்றன. வெயில் இடுக்குகளில் விழுந்து காலடியில் கோடுகோடாகக் கிடக்கிறது. வேண்டுதல் கடந்துபோகட்டும், அல்லது கடந்தது என்று நன்றி சொல்ல, மக்கள் தோரீ நாட்டுகிறார்கள். ‘தோரு’ என்றால் கடத்தல். தோரீ என்ற சொல்லையே ‘கடந்து நுழைதல்’ என்று பிரிப்பவர் உண்டு. ‘தொரி’ பறவை, ‘இ’ இருக்கை, பறவை அமரும் கழி என்பது பரவலான விளக்கம். நம் தோரணமே அங்கே போய்த் தோரீ ஆயிற்று என்றும் சொல்லியிருக்கிறார்கள். வடிவம் ஒக்கிறது, ஒலியும் ஒக்கிறது. ஆனால் இடையில் வழித்தடம் காட்டும் சான்று இல்லை. டாகினிக்கு அந்தத் தடம் இருந்தது. அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஏறும்போது தூண்கள் வெறுமையாக இருக்கும். இறங்கும்போதுதான் அவற்றின் பின்பக்கத்தில் கறுப்பு எழுத்தில் கொடுத்தவர் பெயரும் நாளும் தெரியும். பெயர்களைத் தேடிப் போனவனுக்கு மலை கடைசியில் பெயர்களாகவே கண்ணில் பட்டது.

வழியில் பின்கோயில் ஒன்று. அங்கே கல்விளக்கின் தலையில் ஒரு உருண்டைக் கல், ‘ஒமொகரு இஷி’. ஒமொய் என்றால் கனம், கருய் என்றால் லேசு, இஷி கல். மனத்தில் ஒன்றை வேண்டிக்கொண்டு தூக்க வேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் நடக்கும். கனத்தால் இன்னும் உழைக்க வேண்டும். எனக்குக் கனத்தது. பக்கத்தில் நரிமுக வடிவில் வெள்ளை மரப்பலகைகள். கண்ணும் மூக்கும் வரையப்படாமல் விற்கிறார்கள். வாங்குபவரே முகம் வரைந்து, பின்னால் வேண்டுதல் எழுதித் தொங்கவிடுகிறார். ஒன்று சிரிக்கிறது, ஒன்று அழுகிறது, ஒன்றுக்குக் கண்ணாடிகூட இருந்தது.

நரிக்கூட்டத்தில் நெல் மறைந்துவிட்டதோ என்று நினைத்தால் கோயிலின் நாட்காட்டி பதில் சொல்கிறது. ஏப்ரல் 12இல் கோயில் வயலுக்கான விதைநெல்லைத் தூவுகிறார்கள். ஜூன் 10இல் நடவு; மழைக்காலச் சேற்றில் பெண்கள் இறங்கி நாற்று நட, இசையும் ஆட்டமும் உடன் நடக்கின்றன. அக்டோபர் 25இல் அறுவடை. அந்த நெல்லே நவம்பர் 23இல் புத்தரிசிப் படையலாகிறது. இடையில் நவம்பர் 8 அன்று ‘ஹிதகி’ என்னும் தீவிழா: அந்த வயலின் வைக்கோலை எரித்து, நாட்டின் பல பக்கத்திலிருந்தும் வந்த வேண்டுதல் குச்சிகளைத் தீயில் இடுகிறார்கள். கொல்லர்கள் துருத்திக்கு விழா எடுப்பதும் அதே நாளில்தான்.

கீழே இறங்கினால் வாசல் தெருவில் வாசனை. இனரி தெருவின் பழைய பண்டம் சிட்டுக்குருவிச் சுட்டது. சிறு பறவையைக் குச்சியில் குத்திச் சோயா தடவித் தணலில் வாட்டுவது. விளைந்த கதிரைக் கொத்தும் பறவை என்பதால் நெற்கடவுளின் வாசலில் அதற்கு இந்த முடிவு. பறவையாகப் பறந்த மொச்சியின் மலையடியில் பறவையைச் சுடுகிறார்கள் என்பதை நினைத்து நான் அதை வாங்கவில்லை.

வாங்கியது ‘இனரிஸுஷி’. நரிக்குப் பொரித்த சோயாக்கட்டி பிடிக்கும் என்பது நம்பிக்கை; அந்தப் பொரித்த கட்டியை இனிப்பும் உப்புமாக வேகவைத்துப் பை போலப் பிரித்து உள்ளே சோறு அடைப்பார்கள். கடவுளைக் கூப்பிடுவதுபோலவே இந்தப் பண்டத்தையும் ‘ஒ-இனரி-சான்’ என்று முன்னும் பின்னும் மரியாதை சேர்த்தே சொல்கிறார்கள். கியோத்தோ வட்டாரத்தில் அவரைக்கும் கஞ்சிக்கும்கூட ‘சான்’ உண்டு. கிழக்கு ஜப்பானில் இதை அரிசி மூட்டை வடிவில் செய்வார்கள். இங்கே மேற்கில் முக்கோணம், நரிக்காது போல. நிலையத்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காதைப் பிட்டேன். உள்ளே வெள்ளெள், பொடியாக நறுக்கிய காய், புளிப்பேறிய சோறு.